அடுத்த வழக்கு யாருக்கு? கலிபோர்னியாவில் விசாரணை அலுவலர் நியமனம்: ஒரு நிகழ்வு ஆய்வு

கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ கவுண்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஹாஸ் என்பவர் மசாஜ் நிலையம் ஒன்றை நடத்திவந்தார். வாடிக்கையாளர்போல உள்ளே போன, கவுண்டியின் காவல் பணியைச் செய்யும் ஷெரிப் துறை ஊழியர் ஒருவர், அங்கு வேலை பார்த்த பெண் முறைகேடாக நடந்துகொண்டதாகச் சொல்ல, கவுண்டி நிர்வாகம் உரிமத்தை ரத்து செய்தது. ஹாஸ் மேல்முறையீடு செய்தார். அதை விசாரிக்க ஓர் ஆள் வேண்டும். கவுண்டியில் நிலையான விசாரணை அலுவலர் அப்போது யாரும் இல்லை. கவுண்டியின் சட்டப் பிரிவே வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞரைத் தேர்ந்தெடுத்து, ஊதியம் பேசி, இந்த ஒரு வழக்குக்காக உட்கார வைத்தது. இவர் வேலை சரியாக இருந்தால் பின்னால் வேறு வழக்குகளும் தரப்படலாம் என்பதைக் கவுண்டி மறுக்கவில்லை. முடிவு ஹாஸுக்கு எதிராக வந்தது.

2002இல் இந்த விவகாரம் கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வெர்டெகர். மசாஜ் நிலையத்தில் என்ன நடந்தது என்பதற்குள் நீதிமன்றம் போகவே இல்லை. விசாரித்தவர் ஒருபக்கமாக நடந்தார் என்று ஹாஸ் நிரூபிக்கவும் வேண்டியிருக்கவில்லை. விசாரிப்பவரை ஒரு தரப்பு மட்டும் தன்னிஷ்டப்படி தேர்ந்தெடுக்கிறது, அவருடைய அடுத்த வேலையும் அதே தரப்பின் கையில் இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்தாலே முறையான சட்ட நடைமுறைக்கான உரிமை மீறப்படுகிறது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ஹாஸ் வென்றார்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது கவுண்டி வழக்கு, மசாஜ் உரிம வழக்கு. ஆனால் புல் வெட்டாத முற்றம், அனுமதியில்லாமல் வீடாக மாற்றிய கார் கொட்டகை, தெருவில் கொட்டிய குப்பை, நள்ளிரவு இரைச்சல் என்று அபராதச் சீட்டு கொடுக்கும் ஒவ்வொரு கலிபோர்னியா நகராட்சியையும் இந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்துகிறது. அங்கே வீடு வாங்கிய நம் குடும்பங்களில் ஒருவருக்கு நகராட்சியிலிருந்து இப்படியொரு சீட்டு வந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இந்த வழக்கிலிருந்தே வருகிறது.

கவுண்டி சொன்ன வாதம் சாதாரணமானது, அதனாலேயே கவனிக்கத்தக்கது. விசாரிப்பவர் தொழில்முறை வழக்கறிஞர். நேர்மையானவர் என்றே முதலில் கருத வேண்டும். பாரபட்சம் இருந்தால் ஹாஸ் அதைக் காட்டட்டும் என்றது கவுண்டி. நீதிமன்றத்தின் பதில் இது: நேர்மை குறித்த அந்த அனுமானம் பல விஷயங்களில் செல்லும், ஆனால் பணம் குறுக்கே வரும் இடத்தில் செல்லாது. நிர்வாக விசாரணையில் பல விதிகளைத் தளர்த்தலாம்; விசாரிப்பவரின் பண ஆதாயம் பற்றிய விதியை மட்டும் நீதிபதிகளுக்கு உள்ளதைவிட ஓர் இம்மிகூடத் தளர்த்த முடியாது. அரசே ஊதியம் தருகிறது என்பது மட்டும் குற்றமாகாது. வேறு யார் தருவார்கள்? பிழை இருந்தது, கவுண்டியைத் திருப்திப்படுத்தினால் இன்னொரு வழக்கு வரும் என்ற எதிர்பார்ப்பில். ஹாஸ் போன்றவர் அந்த அலுவலருக்கு மறுபடி வேலை தரப்போவதில்லை. கவுண்டிதான் தரும்.

இதன் வேர் பழையது. 1927இல் டூமி வழக்கு: ஒஹாயோ மாநிலத்தின் நார்த் காலேஜ் ஹில் என்ற ஊரில் மேயரே மதுவிலக்கு வழக்குகளை விசாரித்தார். குற்றவாளி என்று தீர்த்தால் மட்டும் அவருக்கு ஒரு தொகை கிடைக்கும்; டூமிக்கு விதித்தது 100 டாலர், அதோடு மேயர் பங்காக வந்தது 12 டாலர். அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1972இல் வார்டு என்பவரின் வழக்கு: அதே மாநிலத்தின் மன்ரோவில் என்ற ஊரில். அங்கே மேயர் தன் சட்டைப்பைக்கு எதுவும் எடுக்கவில்லை. ஆனால் 1964இல் அந்த ஊரின் மொத்த வருமானமான 46,355 டாலரில் 23,589 டாலர் மேயர் நீதிமன்ற அபராதத்திலிருந்து வந்தது, அந்தக் கருவூலத்துக்குப் பொறுப்பாளரும் மேயரே. அதுவும் செல்லாது என்றானது. சொந்தப் பையா, ஊர்ப் பையா, அடுத்த ஒப்பந்தமா, எதுவானாலும் தராசைச் சாய்க்கும் தூண்டுதல் ஒன்றுதான். ஹாஸ் தீர்ப்பு இந்த வரிசையில் மூன்றாவது வகையைச் சேர்த்தது.

நியமனத்தை எப்படி அமைப்பது

தீர்ப்பு வெறுமனே தடுத்துவிட்டு நிற்கவில்லை, வழியும் காட்டியது. வழக்கறிஞர் குழு ஒன்றை நியமித்து சுழற்சி முறையில் வழக்கு ஒதுக்கலாம். அல்லது தற்காலிகமாக ஒருவரை நியமித்து, போதுமான ஒரு காலம் கழியும்வரை அவரை மறுபடி நியமிக்க முடியாது என்று முன்கூட்டியே விதி செய்யலாம். மாநில அரசின் நிர்வாக விசாரணை அலுவலகத்தோடு ஒப்பந்தம் போட்டு அங்கிருந்து நீதிபதியைப் பெறுவது இன்னொரு வழி. சிறிய நகரங்களுக்கு அதுவே சுலபம், செலவு சற்றுக் கூடினாலும். பக்கத்து நகரங்கள் நான்கைந்து சேர்ந்து ஒரே குழுவை வைத்துக்கொள்வதும் நடைமுறையில் நன்றாக ஓடும்.

சுழற்சி முறை என்று காகிதத்தில் எழுதுவது எளிது. கெடுவது ஒதுக்கீட்டுப் பதிவேட்டில். நான்கு பேர் குழு என்று வைத்துக்கொள்வோம். புதிய மேல்முறையீடு வந்ததும், கோப்பைத் திறப்பதற்கு முன்பே, நகர எழுத்தர் வரிசையில் அடுத்த பெயரை எழுத வேண்டும். ஒதுக்குபவர் விதி அமலாக்கப் பிரிவைச் சேர்ந்தவராகவோ நகர வழக்கறிஞராகவோ இருக்கக் கூடாது. வரிசையில் உள்ளவர் ஊரில் இல்லை, அல்லது வழக்கில் உள்ளவரைத் தெரியும் என்றால் தாண்டலாம். ஆனால் தாண்டிய காரணம் அதே வரியில் எழுதப்பட வேண்டும், தாண்டப்பட்டவர் கடைசிக்குப் போகாமல் அடுத்த வழக்கைப் பெற வேண்டும். இந்தச் சின்ன ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும்? “அவர் கொஞ்சம் பிசி” என்று சொல்லி, அபராதத்தை ரத்து செய்யும் பழக்கமுள்ளவரை மெல்ல மெல்ல ஓரங்கட்டிவிடலாம். ஒரு வருடத்தில் குழுவில் நான்கு பெயர் இருக்கும், வழக்கெல்லாம் ஒருவரிடம் இருக்கும். ஹாஸ் வழக்கின் குறையே வேறு உடையில் திரும்பி வந்துவிட்டது.

ஊதியத்தை ஒரு விசாரணைக்கு இவ்வளவு என்று நிர்ணயிப்பது நல்லது. முடிவு எதுவானாலும், அபராதம் எவ்வளவானாலும் தொகை மாறாது. பொது நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். அபராத வசூலுக்கென்று தனிக் கணக்கு வைத்து, அதிலிருந்தே விசாரணை அலுவலருக்கும் கொடுப்பது பல நிதிப் பிரிவுகளுக்குக் கணக்கு எழுத வசதியாக இருக்கும். மன்ரோவில் ஊரை நினைத்துப் பார்த்தால் அதைச் செய்யக் கூடாது என்பது புரியும். ஒப்பந்தக் காலம் திட்டமாக இருக்கட்டும். இரண்டு ஆண்டு, நீட்டிப்பு கிடையாது என்று வைத்தால் சிக்கல் வேரோடு போகும். இடையில் நீக்குவதற்கான காரணங்களை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்: வராமல் போவது, முடிவைத் தாமதிப்பது, ஆதாய முரணை மறைப்பது. முடிவுகள் பிடிக்கவில்லை என்பது அந்தப் பட்டியலில் இருக்க முடியாது. அமலாக்கப் பிரிவு தயாரிக்கும் “இவர் எத்தனை சதவீதம் உறுதி செய்தார்” என்ற கணக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கும் மேசைக்கு வருவதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும்.

தகுதி விஷயத்தில் கலிபோர்னியாவின் அரசாங்கச் சட்டத் தொகுப்பு, பிரிவு 27724இன்கீழ் நியமிக்கும் கவுண்டி விசாரணை அலுவலருக்கு ஐந்து ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் கேட்கிறது. பயிற்சியை வலியுறுத்துவதில் இல்லினாய் மாநிலச் சட்டம் நல்ல முன்மாதிரி. அங்கே தன்னாட்சி நகரங்களின் விசாரணை அலுவலர் குறைந்தது மூன்றாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞராக இருக்க வேண்டும். முதல் விசாரணைக்கு முன் நான்கு பகுதி கொண்ட பயிற்சி முடிக்க வேண்டும். விசாரணை விதிமுறை, தான் கேட்கப்போகும் ஒவ்வொரு துணைவிதிப் பிரிவின் (துணைவிதி என்பது நகர மன்றம் இயற்றும் உள்ளூர்ச் சட்டம்) அறிமுகம், நடக்கும் விசாரணைகளை நேரில் பார்ப்பது, கற்பனை வழக்குகளில் சாட்சியத்தை ஏற்று மறுத்து முடிவு எழுதிப் பழகுவது. கடைசிப் பகுதிதான் மிக அவசியம். துணைவிதி அறிமுகமும் தேவைதான்: கட்டட விதி தெரியாத நல்ல வழக்கறிஞர், முற்றச் சுவருக்கும் எல்லை விலகலுக்கும் (மனை எல்லையிலிருந்து கட்டடம் தள்ளி நிற்க வேண்டிய தூரம்) உள்ள வேறுபாட்டில் முதல் நாளே தடுமாறுவார்.

துணைவிதியில் என்னென்ன இருக்க வேண்டும்

அபராதத்தை நிர்வாக வழியில் விதிக்கும் அதிகாரத்தைக் கலிபோர்னியா அரசாங்கச் சட்டத் தொகுப்பின் பிரிவு 53069.4 தருகிறது. நகர மன்றம் துணைவிதி நிறைவேற்றி, விதிப்பது, அமலாக்குவது, வசூலிப்பது, மறுபரிசீலனை ஆகிய நான்குக்கும் நடைமுறை வகுக்க வேண்டும். சிறு குற்ற வகையில் வரும் விதிமீறலுக்கு ஓர் ஆண்டுக்குள் முதல் முறை 100 டாலர், இரண்டாம் முறை 200, அதன்பின் ஒவ்வொன்றுக்கும் 500 என்பது உச்சவரம்பு. கட்டட, பாதுகாப்பு விதிகளுக்கு 130, 700, 1,300 டாலர் வரை போகலாம். இந்த உயர்ந்த வரம்பைப் பயன்படுத்தும் நகரம், சரிசெய்ய உண்மையாக முயன்றவர் பணமில்லாமல் திணறினால் தொகையைக் குறைக்கவும் ஒரு வழி வைத்தாக வேண்டும். துணைவிதி எழுதும்போது உச்சவரம்பை மட்டும் எடுத்துக்கொண்டு சலுகை நடைமுறையை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

இன்னொரு நிபந்தனை அதைவிட முக்கியம். கட்டடம், குழாய், மின்சாரம், மண்டல விதி (எந்தப் பகுதியில் எதைக் கட்டலாம் என்பது) போன்றவற்றில் தொடரும் மீறல் உடனடி ஆபத்தாக இல்லாவிட்டால், அபராதம் விதிப்பதற்கு முன் சரிசெய்ய நியாயமான கால அவகாசம் தர வேண்டும். முதல் நாளே அபராதச் சீட்டு கொடுத்துவிட்டு, அவகாசக் கடிதத்தை அடுத்த வாரம் அனுப்பிய கோப்பு விசாரணை அலுவலரிடம் வந்தால், அவர் அங்கேயே ரத்து செய்வதுதான் சரி.

இறுதி முடிவு முறைப்படி சேர்ப்பிக்கப்பட்ட 20 நாட்களுக்குள் சுப்பீரியர் கோர்ட்டில் முறையிடலாம். பெயரைப் பார்த்துப் பெரிய நீதிமன்றம் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த மாநிலத்தில் விசாரணையைத் தொடங்கும் முதல் நிலை நீதிமன்றமே அதுதான். கட்டணம் 25 டாலர். வழக்கு புதிதாகவே விசாரிக்கப்படும். ஆனாலும் நகரத்தின் கோப்பு அப்படியே சாட்சியமாகும், அபராத அறிவிப்பில் உள்ள விவரங்கள் முதல் பார்வையில் உண்மை என்று ஏற்கப்படும். முறையிட்டவர் வென்றால் 25 டாலரை நகரம் திருப்பித் தர வேண்டும். இந்த 20 நாள் எல்லையையும் எங்கே முறையிடுவது என்பதையும் முடிவின் கடைசிப் பக்கத்தில் எழுதாத நகரங்கள், வீட்டுக்காரரின் உரிமையை ஒரே வரி மிச்சப்படுத்திப் பறிக்கின்றன என்றே சொல்ல வேண்டும்.

ஒரு கோப்பைக் கிட்டத்தில் பார்த்தால்

மாதிரிக்கு ஒரு கார் கொட்டகை வழக்கை எடுத்துக்கொள்வோம். அக்கம்பக்கத்தார் புகார். ஆய்வாளர் போகிறார். உள்ளே சமையல் மேடை, கட்டில், கழிப்பறை. அனுமதி எதுவும் பதிவில் இல்லை.

விசாரணை அலுவலர் முதலில் பார்க்க வேண்டியது சமையல் மேடையை அல்ல, ஆய்வாளர் எப்படி உள்ளே போனார் என்பதை. 1967இல் கமாரா வழக்கில், சான் பிரான்சிஸ்கோ நகர ஆய்வாளரை உள்ளே விட மறுத்த வாடகைதாரர் ஒருவர் சம்பந்தமாக அமெரிக்க உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: குடியிருப்போர் சம்மதிக்காவிட்டால், அவசர நிலை தவிர, துணைவிதி ஆய்வுக்கும் நீதிமன்ற உத்தரவு வேண்டும். ஆகவே கோப்பில் “சம்மதம் பெறப்பட்டது” என்று மட்டும் இருந்தால் போதாது. யாரிடம், எத்தனை மணிக்கு, என்ன சொல்லி என்று இருக்க வேண்டும். தெருவிலிருந்து எடுத்த படத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. உள்ளே எடுத்த படத்துக்கு உண்டு.

இரண்டாவது, அறிவிப்பு யாருக்குப் போனது. வீடு கைமாறி ஆறு மாதமாகியும் பழைய உரிமையாளர் பெயருக்கே கடிதம் போவது மிகச் சாதாரணம், ஏனென்றால் ஆய்வாளர் பழைய வரிப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்திருப்பார். பதிவுத் தபால் வாங்கப்படாமல் திரும்பி வந்தால் அதைக் கோப்பில் கோத்துவிட்டு நகர்ந்துவிட முடியாது. 2006இல் ஜோன்ஸ் எதிர் ஃபிளவர்ஸ் வழக்கில், வரி பாக்கிக்காக வீட்டை விற்பதற்கு முன் அனுப்பிய பதிவுத் தபால் திரும்பி வந்தது தெரிந்தும் அரசு வேறு முயற்சி எதுவும் செய்யாதது தவறு என்று தீர்ப்பானது. சாதாரணத் தபாலில் மறுபடி அனுப்புவது, கதவில் ஒட்டுவது என்று எளிய வழிகள் இருக்கின்றன. திரும்பி வந்த உறையும், கதவில் ஒட்டிய அறிவிப்பின் தேதியிட்ட படமும் கோப்பில் இருந்தால் அதன்மேல் நிற்கலாம்.

மூன்றாவது, முடிவை எழுதும் விதம். “சாட்சியங்களைப் பரிசீலித்ததில் விதிமீறல் நிரூபணமானது, அபராதம் உறுதி” என்று அச்சடித்த படிவத்தில் கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்திட்டால் அது நிற்காது. 1974இல் டோபாங்கா வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், சாட்சியத்துக்கும் இறுதி முடிவுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் காரணங்கள் நிரப்ப வேண்டும் என்றது. இந்தக் கார் கொட்டகை வழக்கில் அது இப்படி இருக்கலாம்:

“ஆய்வாளர் சத்தியப் பிரமாணத்தின் மேல் சொன்னது: உரிமையாளரே கதவைத் திறந்து உள்ளே அழைத்தார். உரிமையாளர் இதை மறுக்கவில்லை. 2ஆம், 5ஆம் படங்களில் சுவரோடு பொருத்திய கழுவுத் தொட்டியும் கழிவுநீர்க் குழாயும் தெரிகின்றன. அனுமதிப் பதிவேட்டில் இந்த முகவரிக்குக் குழாய் வேலை அனுமதி எதுவும் இல்லை. முந்தைய உரிமையாளர் காலத்திலேயே கட்டப்பட்டது என்ற உரிமையாளரின் விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் துணைவிதி இப்போதைய உரிமையாளரைப் பொறுப்பாக்குகிறது. அவகாசக் கடிதத்துக்கும் அபராதச் சீட்டுக்கும் இடையே 30 நாள் இருந்தது. முதல் அபராதம் உறுதி. இரண்டாம் அபராதம் விதித்த நாளில் அனுமதிக்கான விண்ணப்பம் ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்ததால் அது ரத்து.”

ஒன்பது வாக்கியம்தான். எதை நம்பினார், எதை ஏற்றும் ஏன் பயனில்லை, எது ஏன் விழுந்தது என்பது தெரிகிறது. தோற்றவரும் படித்தால் தன் பேச்சைக் கேட்டிருக்கிறார்கள் என்று உணர்வார்.

சுவர் எங்கே உடைகிறது

நியமனத்தை ஒழுங்காகச் செய்த நகரமும் விசாரணை நாளில் கோட்டை விடுவதுண்டு. பெரும்பாலும் நகர வழக்கறிஞர் வழியாக. 2003இல் பெவர்லி ஹில்ஸ் நகரம் சம்பந்தப்பட்ட நைட்லைஃப் பார்ட்னர்ஸ் வழக்கில், நகரத்துக்காக எதிர்த்தரப்பில் இருந்த சட்ட அலுவலரே விசாரணை அலுவலருக்கும் ஆலோசகராக இருந்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வாதாடுபவரும் முடிவு செய்பவருக்கு யோசனை சொல்பவரும் ஒரே ஆளாக இருக்க முடியாது.

இது வெளிப்படையாக நடப்பதைவிடச் சின்னச் சின்னதாகத்தான் நடக்கும். விசாரணை முடிந்ததும் அறையில் ஆய்வாளரும் அலுவலரும் மட்டும் மிஞ்சுவார்கள், “அந்தத் தெருவில் இன்னும் எத்தனை வீடு இப்படி?” என்று ஒரு கேள்வி. முடிவு வரைவை “எழுத்துப்பிழை பார்க்க” நகர வழக்கறிஞருக்கு மின்னஞ்சல் செய்வது. விசாரணை அலுவலருக்கு அமலாக்கப் பிரிவுக்குள்ளேயே மேசை ஒதுக்குவது, அங்கேயே காபி. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. ஆனால் வீட்டுக்காரர் வாசலில் நின்று அவர்கள் சேர்ந்து சிரிப்பதைப் பார்க்கிறார். ஆகவே இடத்தை நூலகக் கூட்ட அறைக்கோ நகர மன்ற அறைக்கோ மாற்றுவது, விசாரணை முடிந்ததும் முதலில் அலுவலர் எழுந்து போவது, தேவைப்பட்டால் சட்ட ஆலோசனைக்கு வேறு நகரத்தின் வழக்கறிஞரை அமர்த்துவது ஆகியவற்றை எழுத்தில் வைக்க வேண்டும். எல்லாம் ஒலிப்பதிவாகட்டும். சுப்பீரியர் கோர்ட் கோப்பைக் கேட்டால் 15 நாட்களுக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். ஒலிப்பதிவு இல்லாத கோப்பில் நகரத்துக்கே நஷ்டம்.

சீட்டு வாங்கியவர் பக்கம் திரும்பினால், கேட்க வேண்டியவை இவ்வளவே: விசாரணை அலுவலரை யார் தேர்ந்தெடுத்தார்? எந்த வரிசைப்படி? ஒப்பந்தத்தின் நகல் எங்கே? அவருக்கு இந்த நகரத்தில் இதற்கு முன் எத்தனை வழக்கு, இனி எத்தனை கிடைக்கலாம்? ஒப்பந்தமும் ஒதுக்கீட்டுப் பதிவேடும் கலிபோர்னியாவின் பொது ஆவணச் சட்டப்படி கேட்டுப் பெறக்கூடியவை. விசாரணைக்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும், ஆட்சேபணையையும் விசாரணை தொடங்கும்போதே பதிவு செய்ய வேண்டும். விசாரணை அறையிலேயே அந்தக் கேள்வியை எழுப்பியதால்தான் ஹாஸுக்கு அது உச்ச நீதிமன்றம்வரை கூடவே வந்தது.